முதல் உப்பு

அந்தப் பையில கால் படாம உக்காருங்க தம்பி. தப்பா நெனைக்காதிய. கீழ இருக்கது உப்பு, கோயிலுக்குக் கொண்டு போறது. மடியில இருக்க பொட்டலம் வேற. அது கசங்கக் கூடாதுன்னுதான் மேல வைக்காம மடியிலயே வச்சிருக்கேன். நீங்க ஜன்னல் பக்கம் வாரியளா? வேண்டாமா? அதும் சரிதான். ஜன்னல விட்டா எனக்கு வாந்தி வரும். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

திசையன்விளைக்கா போறிய? நான் அதுக்கு முந்தியே இறங்கிருவேன், உடைமரத்துவிளை. ஆனா அந்தப் பேரச் சொன்னா கண்டக்டருக்குத் தெரியாது. சந்தியாகப்பர் கோயில்னு சொல்லணும். அப்பத்தான் விசில் அடிப்பான். அப்படிச் சொல்லக் கூடாதுவே, அது சந்தியாகப்பர் இல்லன்னு எத்தன தடவ அவன்கிட்டச் சொல்லிட்டேன்! 'யாரா இருந்தா என்ன பெரியவரே, சில்லற குடும்'ங்கான். படிக்காத பய.

என்னயப் பாத்தா என்ன படிச்சிருப்பேன்னு நெனைக்கிய? சும்மா சொல்லுங்க. பத்தாவதா? எம்.ஏ. தம்பி! கத்தோலிக்க இறையியலும் பண்பாடும். தபால்ல வாங்குனது இல்ல. பல்கலைக்கழகத்துல, சனி ஞாயிறு நேர்ல போயி, பெஞ்சில உக்காந்து படிச்சது. மின்வாரியத்துல கரண்டு கம்பமா ஏறி எறங்கி ரிட்டயர் ஆன பொறவு படிச்சது. பேரு இன்னாசிமுத்து. கார்டு அடிச்சி வச்சிருந்தேன், எம்.ஏ. போட்டு. எம் பெஞ்சாதி மதலேன் அத மாவு டப்பா மூடிக்கு இறுக்கமா இருக்கட்டும்னு மடிச்சி வச்சிட்டா.

நான் ஒண்ணும் ஆசப்பட்டுப் படிக்கப் போகல. போக வச்சிட்டாவ. அந்த வயித்தெரிச்சலச் சொல்லுதேன், கேளுங்க. உங்களுக்கு எறங்க இன்னும் நேரம் கெடக்குல்லா?

எங்க ஊருக் கோயில்ல ஒரு சுரூபம் உண்டு. வெள்ளக்குதிர, அது மேல சந்தியாகப்பர். சந்தியாகப்பர்னு சொல்லிப் பழகிட்டு, பொறவு திருத்துதேன். கையில ஈட்டி. குதிரைக்குக் கீழ சர்ப்பம், சிறகெல்லாம் வச்சி, வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கும். பாம்புக்கடி, தேள்கடி, உடம்புல தடிப்பு, எதுன்னாலும் எங்க பக்கத்து ஆளுவ சந்தியாகப்பருக்குத்தான் நேந்துக்கிடுவாவ. ஜூலை மாசம் திருநாளுக்கு வந்து, அந்தச் சர்ப்பத்து வாயில ஒரு கை உப்பும் மிளகும் போடணும். மெட்ராஸ், பம்பாய்னு பொழைக்கப் போனவனும் அன்னைக்கு வந்துருவான். சாதிசனம், வேதக்காரன், இந்து, பாய் வீட்டு ஆளுவ எல்லாரும் வருவாவ. ஆனா எவன் வந்தாலும் முதல் உப்பு எங்க குடும்பம்தான் போடணும்.

ஏன்னு கேளுங்க. சுரூபத்தக் கொண்டு வந்ததே எங்க பூட்டன். கொழும்புல கட வச்சிருந்தவரு. கப்பல்ல ஏத்தி, தூத்துக்குடியில எறக்கி, மாட்டுவண்டியில வைக்கோல் பொதிஞ்சி கொண்டாந்தாரு. அதுல இன்னொரு விசேஷம். சுரூபத்துக் காலடியில, ஓரமா, ஒரு பொம்பள முட்டங்கால் போட்டுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கும். சாண் உசரம் இருக்கும். அது எங்க பூட்டி. 'எம் பெஞ்சாதியும் சாமி பக்கத்துல இருக்கட்டும்'னு பூட்டன் சொல்லி, சுரூபம் செஞ்சவரு சேத்து வச்சதாம். எங்க வீட்ல வழிவழியாச் சொல்லுவாவ. திருநாளுக்குத் திருநாள் பூட்டிக்கு ஒரு முழம் புதுப்பட்டு, எங்க வீட்ல இருந்து போகும். சுத்திக் கட்டிவிட்டு, கால்ல முத்தஞ் செஞ்சிட்டுத்தான் முதல் உப்பு.

அன்னைக்கு லாசர் உபதேசியார் மைக்குல கூப்பிடுவாரு. 'முதல் உப்பு, இன்னாசிமுத்து குடும்பம்!' செம்மண் தேரிக்காடு பூரா கேக்கும். தம்பி, ஒளிக்காமச் சொல்லுதேன். வேலையில இருந்த வரைக்கும் கரண்டு போனா என்னயத் தேடுவாவ. ரிட்டயர் ஆன மறுநாள்ல இருந்து ஒரு நாயி தேடல. மகன் துபாயில. வருஷத்துக்கு ஒருதரம் மைக்குல எம் பேரு. அது ஒண்ணுதான் எனக்கு.

அதுல கை வச்சாரு பெலிக்ஸ் சாமி. புதுசா வந்த பங்குச்சாமியார், சின்ன வயசு. ஊர்க்கூட்டத்துல எந்திரிச்சி, 'கடவுளுக்கு முன்னால எல்லாரும் சமம்தான? ஒரே குடும்பம் ஏன் போடணும்? சீட்டுப் போட்டு எடுப்போம்'னாரு. எவன் முதல்ல கை தட்டுனான் தெரியுமா? கஸ்பார். மதலேனுக்குக் கூடப் பொறந்த அண்ணன். எனக்கு மச்சினன். என் வீட்டு மீன்கொழம்பு ஊத்தித் தின்ன கையி அது!

நான் விடல. 'இது பரம்பர முறை சாமி'ன்னேன். 'முறை சரிங்க, இதுக்கு இறையியல் அடிப்படை ஏதும் இருக்கா?'ன்னு கேட்டாரு. 'இருக்கு'ன்னேன். 'என்னது?'ன்னாரு. எனக்கு என்னத்தத் தெரியும்? வாயில வந்தத, 'படிச்சிட்டு வந்து சொல்லுதேன்'னுட்டேன். ஊரே கெக்கெக்கேன்னு சிரிக்கி. சாமியாரும் சிரிச்சிக்கிட்டே, 'நீங்க படிச்சிட்டு வர்ற வரைக்கும் பழைய முறையே இருக்கட்டும்'னாரு.

சொன்ன சொல்லுக்கு மறுவாரமே போயிச் சேந்துட்டேன். மதலேன் என்ன சொன்னா தெரியுமா? 'பாஸாயிராதிய. பெயிலாயிக்கிட்டே இருங்க. உப்பு நம்மகிட்டயே இருக்கும்'னா. பொம்பள புத்தியப் பாத்தியளா. அன்னைக்கு அதக் கேட்டிருந்தா இன்னைக்கு… சரி விடுங்க.

மொத நாள் கிளாஸ். நான் உள்ள போனதும் எல்லாரும் எந்திரிச்சி நின்னுட்டாவ, வாத்தியார்னு நெனச்சி. நானும் உக்காருங்கன்னு கையக் காட்டிட்டு கடைசி பெஞ்சில போயி உக்காந்தேன். வாத்தியாரம்மா பொறவு வந்தாவ. ஹில்டா மேடம். ரோம்ல எல்லாம் போயிப் படிச்சவுக. ஒவ்வொருத்தரும் ஏன் இந்தப் படிப்புக்கு வந்தியன்னு கேட்டாவ. ரெண்டு கன்னியாஸ்திரி இருந்தாவ, இறையழைப்பு அது இதுன்னாவ. ஒரு வக்கீல், மன அமைதிக்குன்னாரு. என் பக்கத்துல ஒரு பிள்ள, பேரு இசக்கியம்மாள், தென்காசிப் பக்கம், இந்துப் பிள்ள. 'வேளாங்கண்ணியில மாதாவுக்குச் சேல கட்டியிருந்தாவ, எங்க ஊர் அம்மனுக்கும் இப்படித்தான கட்டுதோம், ரெண்டு பேரும் சொந்தமான்னு சின்னப் பிள்ளையில எங்க அம்மாகிட்டக் கேட்டேன், பதில் சொல்லல, அதான் வந்தேன்'னா. என் முறை வந்திச்சி. 'உப்புக்காக'ன்னேன். மேடம் விவிலியத்துல உப்பப் பத்தி வருதேன்னு நெனச்சி, 'ஆழமான பதில்'னுட்டாவ.

அந்த இசக்கிப் பிள்ளைக்கு எல்லாம் நான்தான் தம்பி சொல்லிக் குடுத்தது. பூசையில எப்ப எந்திரிக்கணும், எப்ப முட்டங்கால் போடணும், திருநாளுக்கு ஊருக்கே ஆக்குத அசனச் சோத்துல ஏன் அவ்வளவு நெய்யி விடுதோம், எல்லாம். அவ பதிலுக்கு மேடம் சொல்லுதத எல்லாம் எழுதி எனக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பா. பரிச்சைக்கு முந்தின நாள் போன்ல ஒரு கேள்வியா விளக்கிச் சொல்லுவா. 'பெரியப்பா, திரித்துவத்த எலெக்ட்ரிசிட்டின்னு எழுதிராதிய, போன தடவயே மார்க்கு போச்சு'ம்பா. கடைசியில அவ முதல் மார்க்கு, நான் பாஸ் மார்க்கு. சொல்லிக் குடுக்கவனுக்கு அப்படித்தான் ஆகும், சத்தெல்லாம் அடுத்தவளுக்குப் போயிரும்.

ஆனா படிப்பு படிப்புதான் தம்பி. கண்ணு தொறந்திட்டு எனக்கு. ஊர்ல எங்க பாத்தாலும் தப்பு! மதலேன் ஜெபமால சொன்னா ரெண்டு இடத்துல நிறுத்தித் திருத்துவேன். அவ மூணாவது இடத்துல ஜெபமாலய என் கையில குடுத்துட்டு எந்திரிச்சிப் போயிருவா. சாமியார் பிரசங்கத்துல நான் கையத் தூக்குவேன், கிளாஸ்ல பழகிட்டுல்லா. சவரியான் வீட்ல அவன் அம்மா செத்துப் போச்சு. துட்டிக்குப் போனேன். சவரியான் எங்கழுத்தக் கட்டிக்கிட்டு, 'அம்மா மோட்சத்துக்குப் போயிட்டாளே மச்சான்'னு கதறுதான். 'இன்னும் போயிருக்க மாட்டா மாப்ள, எடையில பாவம் தீருத வரைக்கும் உத்தரிக்கிற நிலைன்னு ஒண்ணு இருக்கு, அது எடமில்ல, நிலை'ன்னு பக்குவமாத்தான் எடுத்துச் சொன்னேன். எல்லாருக்கும் காப்பி வந்திச்சி. எனக்கு வரல. அறிவச் சொன்னா ஊருக்கு ஆகாது.

இப்படி நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்திச்சி. என் ஆய்வுக்குத் தலைப்பும் பதிஞ்சிட்டேன், 'உடைமரத்துவிளைச் சந்தியாகப்பரும் முதல் உப்பு உரிமையும்'னு. பெலிக்ஸ் சாமி மூஞ்சியில அதக் கொண்டு போயிப் போடணும்னு இருந்தேன். அப்ப வந்திச்சி அந்தப் பாடம்.

ஹில்டா மேடம் சுவத்துல படம் போட்டுக் காட்டுதாவ. எந்தப் புனிதர்னு எப்படி அடையாளம் பாக்கது? கையில சாவி இருந்தா இராயப்பர். கண்ணத் தட்டுல வச்சிருந்தா லூசியம்மாள். கையில ஊணுகம்பு, மேல சிப்பி, தலையில தொப்பி இருந்தா சந்தியாகப்பர். நான் எழுதிக்கிட்டே, 'சிப்பியா? எங்க ஊர்ல காணமே, வண்டியில வரும்போது ஒடஞ்சி விழுந்திருக்கும்'னு நெனச்சிக்கிட்டேன். அடுத்த படம் போட்டாவ பாருங்க. தூக்கிவாரிப் போட்டுட்டு எனக்கு. அதே வெள்ளக்குதிர. அதே ஈட்டி. அதே சர்ப்பம். மூலையில எங்க பூட்டி!

எந்திரிச்சிட்டேன். 'மேடம், எங்க பூட்டி படம் ஒங்களுக்கு எங்கன கெடச்சிது?'

மேடம் கண்ணாடிய எறக்கிப் பாத்தாவ. 'யாரு சார்?'ன்னாவ.

'அந்தா, மூலையில கும்பிடுதால்லா.'

'சார், இது ஜார்ஜியார். அந்தப் பொண்ணு லிபியா தேசத்து ராஜகுமாரி. நாகத்துக்கு இரையா விட்டிருந்தவள இவர் வந்து காப்பாத்துனதா ஒரு கத உண்டு'ன்னாவ.

'லிபியாவா? எங்க பூட்டி திசையன்விளையத் தாண்டிப் போனதில்ல மேடம்!'

கிளாஸே உருண்டு சிரிக்கி. கன்னியாஸ்திரி ரெண்டு பேரும் முக்காட்ட வாயில வச்சிக்கிட்டாவ. இசக்கி மட்டும் சிரிக்கல. என் போன வாங்கி, எங்க ஊரு சுரூபத்துப் படத்தப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தா. மெதுவா, 'பெரியப்பா, பூட்டி தலையில கிரீடம் இருக்கு'ன்னா.

'கிரீடம் இல்ல பிள்ள, கொண்ட.'

'கொண்டையில எதுக்குக் கல்லு பதிச்சிருக்கு?'

ஊருக்கு வந்து, நேரா கோயிலுக்குப் போனேன். யாரும் இல்ல. பூட்டி துணிய வெலக்கி, தலையில விரலால தடவிப் பாத்தேன். கிரீடம்தான் தம்பி. முள்ளு முள்ளா குத்திச்சி. அங்கனயே உக்காந்துட்டேன். எங்க பூட்டன் சந்தியாகப்பர்னு நெனச்சி வேற ஆளக் கூட்டிட்டு வந்துட்டாரு. அப்ப முதல் உப்புக்கு என்ன அடிப்பட? கஸ்பாருக்குத் தெரிஞ்சா என்னய வச்சி வாழ்ந்துருவான்லா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். மதலேன்கிட்டகூடச் சொல்லல.

நான் மூடுனா ஊரு மூடுமா? ஹில்டா மேடம் திருநாளுக்கு மொத்தக் கிளாஸையும் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வாரேன்னுட்டாவ. களப்பணியாம். 'ஊர்ல அம்மை போட்டிருக்கு மேடம்'னேன். பெரிய சிஸ்டர், 'நான் நர்ஸ்தான், பாத்துக்கிடுதேன்'னாவ. 'பஸ்சு கெடையாது'ன்னேன். வக்கீலு வேன் பிடிச்சிட்டாரு. 'பங்குச்சாமியாருக்குப் பிடிக்காது'ன்னேன். பெலிக்ஸ் சாமியே போன்ல, 'வாங்க வாங்க, அசனச் சாப்பாடு இருக்கு'ன்னுட்டாரு. நாலாப்பக்கமும் அடச்சிட்டாவ.

சரின்னு திருநாள் அன்னைக்கு விடியமுந்தி ஒரு ஆட்டோ நெறையப் பூ வாங்கிட்டுப் போயி, சுரூபத்த ஏத்தி வச்சிருந்த சப்பரத்துக்கிட்ட எறக்குனேன். வாடாமல்லி, கேந்தி, செவ்வந்தி. சர்ப்பத்த மூடு, ஈட்டிய மூடுன்னு சுத்து சுத்துன்னு சுத்திட்டேன். பூட்டிக்கு ஒரு முழம் பட்டுக்குப் பதிலா மதலேன் கல்யாணச் சேலய எடுத்துட்டு வந்து முக்காடோட போத்திட்டேன். அவளுக்குத் தெரியாது அப்ப. லாசர் உபதேசியார் வந்து பாத்துட்டு, 'இது சப்பரமா, பூக்கடையாவே?'ன்னாரு. 'பக்திவே'ன்னேன்.

மேடம் வந்தாவ. பிள்ளைய எல்லாம் நோட்டு பேனாவோட சப்பரத்தச் சுத்தி நிக்காவ. மேடம் மைக்குப் பக்கத்துல நிக்காவ. குதிர தலையும் சாமி தலையும்தான் வெளிய தெரியுது. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன் தம்பி.

லாசர் கூப்பிட்டாரு. 'முதல் உப்பு, இன்னாசிமுத்து குடும்பம்!'

ஒரு கை உப்ப அள்ளிட்டுப் போனேன். வாயி எங்க? பூவுக்குள்ள கைய விட்டுத் துழாவுதேன். குதிர முட்டி கெடைக்கி, வாலு கெடைக்கி, சர்ப்பத்து வாயக் காணும். பின்னால சனம் நெருக்குது. மதலேன் காதுகிட்ட, 'இன்னும் கீழ, கீழங்கேன்லா'ன்னு முறுமுறுக்கா. கொஞ்சம் அழுத்தி இழுத்தேன் பாருங்க. ஏதோ ஒரு கயிறு. மொத்த மாலையும் சரசரன்னு சரிஞ்சிட்டு. சேலையும் அதோட வந்துட்டு. ஈட்டி, சர்ப்பம், கிரீடம் எல்லாம் பளிச்சுன்னு நிக்கி.

மேடத்துக்கு வாத்தியார் புத்தி. மைக்கு பக்கத்துல இருக்கதே மறந்து போச்சு. 'பாத்துக்கோங்க பிள்ளைகளா, ஜார்ஜியார்! என்ன அழகான ஜார்ஜியார்!'ன்னுட்டாவ. புன்னமரத்துல கட்டியிருந்த மைக்குக் குழாயில எல்லாம் 'ஜார்ஜியார், ஜார்ஜியார்'னு போயி தேரியில இடிச்சித் திரும்பி வருது.

கஸ்பார்தான் முதல்ல வாயத் தொறந்தான். 'அப்ப எங்க சந்தியாகப்பர் எங்க?'ன்னான். பொறவு என்னயப் பாத்து, 'என்ன மச்சான், ஒங்க பூட்டன் கொழும்புல ஆளு மாறிக் கூட்டிட்டு வந்துட்டாராக்கும்?'னு கேட்டான். சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு தம்பி. குனிஞ்சி அந்தச் சேலய மட்டும் எடுத்து மடிச்சிக்கிட்டு வந்துட்டேன். வீட்ல மதலேன் பூட்டன் பேச்சே எடுக்கல. கல்யாணச் சேலையில கேந்திக்கறன்னு ஒரு மாசம் பேசல.

கஸ்பார் சும்மா இருப்பானா? புதுசா ஒரு சந்தியாகப்பர் சுரூபம் செஞ்சி கொண்டாந்துட்டான். தொப்பி, ஊணுகம்பு, சிப்பி எல்லாம் முறையா. பீடத்துல அது ஏறிட்டு. எங்க பூட்டன் கொண்டு வந்ததக் கோயிலுக்கு வெளிய சின்ன மண்டபத்துல வச்சிட்டாவ. சுரூபம் குடுத்தவனுக்குத்தான முதல் உப்பு, அதான முறைன்னு கஸ்பாரே எடுத்துச் சொல்லிட்டான். நான் ஊர்க்கூட்டத்துல சொன்ன அதே முறை!

எனக்கு வைராக்கியம் வந்துட்டு. உப்பு போனாப் போகட்டும், உண்மையாவது என்கிட்ட இருக்கட்டும்னு ஆய்வுத் தலைப்ப மாத்துனேன். 'உடைமரத்துவிளை ஜார்ஜியார்'. ஈட்டி ஏன் ஜார்ஜியாருக்கு, சர்ப்பம் ஏன் ஜார்ஜியாருக்கு, அந்தப் பொண்ணு ஏன் லிபியாக்காரின்னு ஒவ்வொண்ணா எழுதி நிரூபிச்சிட்டேன். எல்லாம் நானே எழுதுனது. இசக்கி டைப் மட்டும்தான் அடிச்சா. அங்கங்க திருத்துனா. ஒண்ணு ரெண்டு அத்தியாயம் புதுசா சேத்தா, அவ்வளவுதான். பட்டமும் வாங்கிட்டேன். பெலிக்ஸ் சாமி, 'படிச்சு முடிச்சிட்டீங்க, இப்பச் சொல்லுங்க, முதல் உப்புக்கு அடிப்படை உண்டா?'ன்னு கேட்டாரு. 'நான் ஆய்வாளன் சாமி, கட்சி சேர மாட்டேன்'னுட்டேன். நல்ல பதில் இல்லியா? எனக்கு அதச் சொல்லிட்டு ரெண்டு நாள் சோறு எறங்கல.

அடுத்த திருநாள். போன வருஷம். கஸ்பார் புதுவேட்டி கட்டிட்டு உப்போட நிக்கான். பேரக் கூப்பிட்டாச்சு. போயி நின்னவன் முழிக்கான். உப்ப எங்க போட? புது சந்தியாகப்பர் காலடியில புல்லுதான் செதுக்கியிருக்கு. அங்க பாத்தான், இங்க பாத்தான், அவரு ஊணுகம்பு மேல இருந்த சிப்பியில போட்டான். சிப்பி கவுந்து இருக்கு. பூரா உப்பும் அவன் தலையிலயே கொட்டிட்டு. பின்னால தேள் கடிச்சி கை வீங்குன ஒருத்தி, பம்பாயில இருந்து வந்தவ, 'எனக்குக் கடிச்சது தேளு, சிப்பியில்ல. பாம்ப எங்க வச்சிருக்கிய?'ன்னு சத்தம் போட்டா. யாரோ மண்டபத்தக் காட்டுனாவ. அவ்வளவுதான், மொத்தச் சனமும் திரும்பிட்டு.

நான் அங்கனதான் நிக்கேன், காலையில இருந்து. ஆய்வுப் புத்தகத்தக் கையில வச்சிக்கிட்டு, யாராவது கேட்டா விளக்கலாம்னு. ஒருத்தரும் கேக்கல அதுவரைக்கும். இப்ப அல மாதிரி வாராவ, எல்லாக் கையிலயும் உப்பு. 'சந்தியாகப்பரே, சந்தியாகப்பரே'ன்னு கும்பிட்டுக்கிட்டு வாராவ. எனக்கு எப்படி இருக்கும்! ரெண்டு கையையும் விரிச்சி மறிச்சிட்டேன். 'இது சந்தியாகப்பர் இல்ல! ஜார்ஜியார்! அவருக்குத் திருநாள் ஏப்ரல்ல'ன்னேன். 'எங்களுக்கு லீவு ஜூலையிலதான் குடுக்கான்'ங்கா அந்தப் பம்பாய்க்காரி. 'மொதல்ல இவரு யாருன்னு தெரிஞ்சிக்கிடுங்க, பொறவு உப்பப் போடுங்க'ன்னு புத்தகத்த விரிச்சேன்.

அப்பத்தான் லாசர் ஓடி வாராரு, வயரு நீளத்துக்கு மைக்க இழுத்துக்கிட்டு. மூச்சு வாங்க, மைக்குல, 'முதல் உப்பு, இன்னாசிமுத்து குடும்பம்!'

எம் பேரு தம்பி. எம் பேருதான். தேரிக்காடு பூரா. எதுக்காக நான் பஸ் ஏறி ஏறி, கண்ணாடி போட்டு, பரிச்ச எழுதி… அது என்னயத் தேடி மண்டபத்துக்கே வந்துட்டு. நான் என்ன செஞ்சேன்? 'இரும்வே, மூணாவது அத்தியாயத்துல தெளிவாச் சொல்லியிருக்கேன்'னு பக்கத்தத் திருப்புதேன்.

லாசர் மறுபடி கூப்பிட்டாரு. மதலேன் வந்தா. முந்தானையில உப்பு. விரிச்சிருந்த எங்கைக்கு அடியில குனிஞ்சி, பூந்து போயி, சர்ப்பத்து வாயில போட்டுட்டா. போட்டுட்டு என்னயத் திரும்பிப் பாத்து, 'நீங்க படிச்சி முடிச்சிட்டு வாங்க'ன்னா. மைக்கு தொறந்துதான் இருந்திச்சி.

அதுல இருந்து லாசர், 'மதலேன் குடும்பம்'னே எழுதி வச்சிக்கிட்டாரு. கஸ்பாருக்கு வாயெல்லாம் பல்லு, 'எங்க வீட்டுப் பிள்ளதான'ங்கான். பெலிக்ஸ் சாமி அன்னைக்கு வரிசையில நின்னு உப்புப் போட்டாரு. நான் பாத்தேன். 'இறையியல் அடிப்படை என்ன சாமி?'ன்னேன். 'பின்னால நெருக்குறாங்க, வழி விடுங்க'ன்னாரு. நாளைக்குத் திருநாள். மதலேனுக்குத் தூத்துக்குடி கல்லுப்புதான் வேணுமாம். எம்.ஏ. படிச்சவன் சுமக்கேன். எங்க பூட்டன் கொண்டு வந்த சுரூபம், பேரு அவளுக்கு. இத எவன்கிட்டப் போயிச் சொல்ல? அதான் ஒங்ககிட்டச் சொல்லுதேன். குடும்பம்னு கூப்பிடுதாருல்லா, அதுல நானும் உண்டுதான்னு நெனச்சிக்கிடணும், வேற என்ன செய்ய.

நாளைக்கு இசக்கியும் வாரா. அவ இப்ப பிஎச்.டி. பண்ணுதா, எங்க ஊரப் பத்தித்தான். என்னய முக்கியத் தகவலாளின்னு போட்டிருக்காளாம். எனக்கு அது என்ன பதவின்னு சரியாத் தெரியல, பேராசிரியருக்கு ஒரு படி கீழன்னு நெனைக்கேன்.

அந்தா கூப்பிடுதான் பாருங்க, 'சந்தியாகப்பர் கோயில் எறங்கு'ன்னு. யோவ், ஜார்ஜியார்… சரி, வாரேன் வாரேன், விசில் அடிக்காத! தம்பி, அந்த உப்புப் பையச் செத்த தூக்கி விடுங்க. ஆங், தோள்ல வைங்க. இதுவா? வேண்டாம், மடியில இருந்தத நானே பிடிச்சிக்கிடுதேன். என்னதுன்னா கேக்கிய?

பட்டு. ஒரு முழம். அரக்குக் கலர்ல, பொடி சரிக போட்டது. கடக் கடையா ஏறித் தேடி எடுத்தேன். சிரிக்காதிய. அது லிபியா ராஜகுமாரிதான், முப்பது பக்கம் எழுதியிருக்கேன், அதுல ஒரு எழுத்த மாத்த மாட்டேன். அதுக்காவ, நாளும் கிழமையுமா எங்க பூட்டியப் பழைய துணியோட நிக்க விட முடியுமா தம்பி?